உங்களுக்குத் தெரியுமா? ஒரு இலை, பல செடிகள்!

வெள்ளியும் ஊதாவும் கருஞ்சிவப்புமாக வரவேற்பறையை அலங்கரிக்கும் ரெக்ஸ் பெகோனியா வகைகளின் மூதாதை, நம் வடகிழக்கு இந்தியாவைச் சேர்ந்த காட்டுச்செடி. அதற்கு அறிவியல் பெயர் சூட்டப்பட்டது 1857இல். பூக்கள் சிறியவை, இலைதான் இதற்கு அழகு.

அந்த இலையே நாற்றும்கூட! முற்றிய இலை ஒன்றைப் பறித்து, அடிப்புறத்துத் தடித்த நரம்புகளைப் பிளேடால் ஆங்காங்கே கீறி, கீறிய பக்கம் ஈரமணலில் படியும்படி கிடத்த வேண்டும். சில வாரங்களில் கீறல்களில் வேர்விட்டு, குட்டிச் செடிகள் தலைகாட்டும்.

நேர்வெயில் பட்டால் இலை கருகிவிடும். சன்னலோர வெளிச்சம் போதும்.

தண்ணீர் விஷயத்தில்தான் பலரும் தாராளம் காட்டிச் செடியை இழக்கிறார்கள். மண்ணையொட்டிப் படரும் சதைப்பற்றான தண்டு, ஈரம் மிகுந்தால் அழுகும். மேல்மண் காய்ந்ததை விரலால் தொட்டுப் பார்த்த பிறகே ஊற்றுங்கள்.