கண்ணாடி நூலைக் கட்டலாமா?

சில ஆண்டுகளுக்கு முன் ஆனி மாதத்து ஒரு பிற்பகல். நமது பள்ளிக்கூடத்துக் கம்ப்யூட்டர் அறையில் பன்னிரண்டாம் வகுப்புத் தேறிய மாணவர்கள் ஒன்பது பேர் கூடியிருந்தார்கள். கலாசாலைப் பிரவேசத்துக்கு விண்ணப்பம் அனுப்ப அன்றே கடைசி நாள். வீட்டில் வசதி இல்லாதவர்களும், வசதியிருந்தும் எங்கேயாவது பிழை செய்து விடுவோமோ என்று பயந்தவர்களும் நம்மை நம்பி வந்திருந்தார்கள்.

எட்டுப் பேருடைய விண்ணப்பங்கள் போய்ச் சேர்ந்துவிட்டன. ஒன்பதாவதாக அமர்ந்தவள் ஒரு கைத்தறி நெசவாளியின் மகள். அவளுக்குச் சற்று இடம் கொடுப்பதற்காக நாம் பீரோவைச் சுவரோடு நெருக்கித் தள்ளினோம். அவளுடைய சான்றிதழ்கள் ஏறிக்கொண்டிருந்தபோதே திரை அப்படியே நின்றுவிட்டது. சுவரில் மாட்டியிருந்த சிறு பெட்டியில் சிவப்பு விளக்கு ஒன்று கண் சிமிட்டத் தொடங்கியது. கைபேசியில் முயன்று பார்த்தோம். அந்த அறையில் அதுவும் பாதி வழியில் நின்றது. அந்தப் பெண் ஒன்றும் பேசவில்லை. கடிகாரத்தையே பார்த்துக் கொண்டிருந்தாள்.

இணைப்புக் கொடுத்தவர்களுக்கு டெலிபோன் செய்தோம். ஒரு மணி நேரத்தில் ஓர் இளைஞர் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். பெட்டியைத் திறக்கவுமில்லை, திருகுகளைத் தொடவுமில்லை. பேனாவைப் போன்ற ஒரு சிறு விளக்கை எடுத்துக் கண்ணாடி இழையின் முனையில் செருகினார். பிறகு, "சார், ஜன்னலையெல்லாம் சாத்துங்க" என்றார். அறை இருண்டதும் பீரோவுக்குப் பின்னால் குங்குமப் பொட்டைப் போல ஒரு சிவந்த ஒளி தெரிந்தது.

"இதோ, இங்கேதான் வெளிச்சம் கசியுது. இதைச் சுருட்டிக் கட்டினது யாரு?"

கட்டியது நாம்தான். முதல் நாள் அறையைச் சுத்தம் செய்தபோது, சுவரோரம் தளர்வாகத் தொங்கிய மெல்லிய கம்பி நமது கண்ணை உறுத்தியது. அதை நாலு விரலில் சுற்றி, சணல் நூலால் நடுவில் இறுக்கிக் கட்டி, பீரோவின் பின்னால் செருகி வைத்தோம். ஒழுங்கு செய்துவிட்டதாகப் பெருமையும் பட்டுக்கொண்டோம். அந்தக் கட்டின் மேல்தான் பீரோ அழுந்தியிருந்தது.

இளைஞர் சணலை அறுத்து, சுருளைக் கை அகலத்துக்கு விரித்துத் தளர்வாகத் தொங்கவிட்டார். நல்ல வேளையாக இழை முறியவில்லை. சிவப்பு விளக்கு அணைந்து பச்சை விளக்கு வந்தது. அந்தப் பெண்ணின் விண்ணப்பமும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. பௌதிகம் போதித்துப் பிழைக்கும் நமக்கு மட்டும் அன்றிரவு தூக்கம் வரவில்லை. முழு அகப் பிரதிபலிப்பைக் கரும்பலகையில் எத்தனை முறை வரைந்திருப்போம்! அது நமது பீரோவின் பின்னாலேயே நடந்துகொண்டிருந்ததை நாம் எண்ணிப் பார்க்கவே இல்லையே!

கண்ணாடிக்குள் ஓடும் ஒளி

கண்ணாடி இழை என்பது தலைமயிரைவிடச் சற்றே பருத்த ஒரு தந்தி. அதன் குறுக்களவு 125 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்கு. தொலை தூரத்துக்குச் செல்லும் இழையில் ஒளி ஓடுவதோ அதன் நடுவிலுள்ள சுமார் 9 மைக்ரான் கருவில்தான். இரத்தத்திலுள்ள சிவப்பணு ஒன்று ஏறக்குறைய அந்த அளவுதான் இருக்கும். கருவைச் சூழ்ந்துள்ள கண்ணாடி சற்றே வேறு தன்மையுடையது. ஆகையால் கருவுக்குள் சாய்வாகச் செல்லும் ஒளி, எல்லையைத் தொட்டதும் உள்ளேயே திருப்பி அனுப்பப்படுகிறது. இப்படியே அது வினாடிக்குச் சுமார் இரண்டு லட்சம் கிலோமீட்டர் வேகத்தில் பிரயாணம் செய்கிறது.

வளைந்து விழும் தண்ணீர்த் தாரைக்குள் ஒளியும் வளைந்து போவதை ஜினீவாவில் கொலாடன் என்பவர் 1841-இலும், லண்டனில் டிண்டால் 1854-இலும் காட்டினார்கள். கண்ணாடி இழைக் கற்றையின் வழியே ஒரு பிம்பத்தையே அனுப்பலாம் என்று 1954-இல் பேராசிரியர் ஹாப்கின்ஸுடன் சேர்ந்து நிரூபித்தவர், பஞ்சாப் மாகாணத்து மோகாவில் பிறந்த நரீந்தர் சிங் கபானி. இத்துறைக்கு 'ஃபைபர் ஆப்டிக்ஸ்' என்ற பெயரைப் பரப்பியவரும் அவரே. 2020-இல் காலமான அவருக்கு மறு ஆண்டில் பத்மவிபூஷண் விருது வழங்கப்பட்டது.

ஆனால் அந்த நாளைய கண்ணாடியில் ஒளி சில மீட்டர் தூரத்துக்குள் மங்கிவிடும். குற்றம் கண்ணாடியில் இல்லை, அதிலுள்ள அழுக்கில்தான் இருக்கிறது என்று 1966-இல் சார்லஸ் காவ் தமது சகாவான ஹாக்கமுடன் எழுதினார். ஒரு கிலோமீட்டர் சென்றபின் நூற்றில் ஒரு பங்கு ஒளி மிஞ்சினாலே போதும், தொலைபேசிக்கு அது உதவும் என்பது அவர் கணக்கு. அமெரிக்காவில் கார்னிங் கம்பெனியார் 1970-இல் அந்த எல்லையைத் தாண்டினர். காவுக்கு 2009-இல் நோபல் பரிசு கிடைத்தது. இன்றைய இழையில் பதினைந்து கிலோமீட்டர் சென்ற பிறகும் பாதி ஒளி மிஞ்சி நிற்கிறது.

இத்தனை மேதைகள் அரை நூற்றாண்டு பாடுபட்டுச் சேமித்துக் கொடுத்த ஒளியை நாம் ஒரு முழச் சணலால் கொட்டிக் கவிழ்த்துவிட்டோம்! இழை அளவுக்கு மீறி வளைந்தால், எல்லையைத் தொடும் ஒளியின் சாய்வு மாறிப்போகிறது. உள்ளே திரும்ப வேண்டிய ஒளி வெளியே ஒழுகிவிடுகிறது. பழைய ரக இழைகளை 30 மில்லிமீட்டர் ஆரத்துக்குக் குறைவாக வளைக்கக் கூடாது என்பது விதி. அதாவது வளையம் 6 சென்டிமீட்டர் அகலமாவது இருக்க வேண்டும். வீடுகளுக்கென்று பின்னர் வந்த இழைகளில் சில, 7.5 மில்லிமீட்டர் ஆரத்தைக்கூடத் தாங்கும். அவற்றையும் மடித்து நசுக்கினால் பலன் ஒன்றுதான். மேலும், வளைந்து கிடக்கும் இழையின் வெளிப்புறத்தில் கண்ணாடி இழுபட்டே நிற்கிறது. அங்குள்ள நுண்ணிய கீறல், காற்றின் ஈரம் பட்டுப் பட்டு மெல்ல வளர்கிறது. இன்று வேலை செய்யும் கட்டு சில வருஷங்கள் கழித்து ஒரு நள்ளிரவில் தானாக முறிவது இதனால்தான்.

தட்டுக்குள் ஒரு குடித்தனம்

அந்த இளைஞரின் உதவியாலும், அவருடைய மேலதிகாரியின் அனுமதியாலும், மறு மாதம் ஒரு டெலிபோன் எக்ஸ்சேஞ்சுக்கு நமது மாணவர்களுடன் போயிருந்தோம். மின்விசிறிகளின் இரைச்சலும் குளிர்ந்த காற்றும் நிறைந்த ஒரு நீண்ட கூடம். ஆளுயர இரும்புச் சட்டங்கள் வரிசையாக நின்றன. அவற்றின் தலைக்கு மேலே மஞ்சள் நிறப் பிளாஸ்டிக் வாய்க்கால்கள் ஓடின. "கனமான செம்புக் கம்பியோட இதைச் சேர்த்துப் போட்டா, அந்தப் பாரத்துலேயே இது நசுங்கிடும். அதனாலதான் கண்ணாடிக்குத் தனி வழி" என்றார் இளைஞர். வாய்க்காலிலிருந்து இழை கீழே இறங்கும் இடத்திலெல்லாம் அருவியைப் போல வழுவழுப்பான ஒரு வளைவு இருந்தது. கூரிய முனை ஒன்றைக்கூட எங்கும் காணோம்.

வெளியிலிருந்து வரும் தடித்த கேபிளுக்குள் அராமிட் என்னும் வலுவான நூலும் ஒரு கட்டைக் கம்பியும் உண்டு. இழுப்பைத் தாங்குவது அவற்றின் வேலை. ஆகையால் அவற்றைத்தான் சட்டத்தில் திருகி இறுக்குகிறார்கள். கண்ணாடி இழையோ எவ்வித இழுப்பும் இன்றி உள்ளே தளர்ந்து கிடக்கிறது.

பிறகு ஒட்டு வேலையைக் காட்டினார். இழையின் மேற்பூச்சை ஒரு சிறு குறடால் உரித்தார். ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடைத்தார். கிளீவர் என்னும் கருவியால் ஒரு கீறல் போட்டு, முனையைச் செங்குத்தாக முறித்தார். இரண்டு முனைகளையும் யந்திரத்தில் வைத்து மூடியதும், அவை எதிரும் புதிருமாக நின்று தாமே நேராவது திரையில் பெரிதாகத் தெரிந்தது. மின்பொறி ஒன்று பளிச்சிட்டது. இரண்டு கண்ணாடிகளும் உருகி ஒன்றாயின. நமது மாணவர்கள் கை தட்டினார்கள். "இது பாதி வேலைதான்" என்று சிரித்தார் அவர்.

மீதிப் பாதிதான் நாம் கற்க வேண்டிய பாடம். உரித்த கண்ணாடி, பிறந்த குழந்தைக்குச் சமானம். அதன்மேல் ஓர் எஃகுக் குச்சியுடன் கூடிய சிறு குழாயை நகர்த்திச் சூடு காட்டினார். குழாய் சுருங்கி ஒட்டை இறுகப் பிடித்துக் கொண்டது. பிறகு அதை உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரிய ஒரு தட்டில், அதற்கென்று அமைந்த பள்ளத்தில் பதித்தார். ஒட்டின் இருபுறமும் ஏறக்குறைய ஒரு மீட்டர் இழை உபரியாக இருந்தது. அதை வட்ட வட்டமாகத் தட்டின் விளிம்பை ஒட்டிப் படியவைத்தார். உபரி எதற்கு என்று ஒரு மாணவன் கேட்டான். "நாளைக்கு இந்த ஒட்டு கெட்டுப் போனா, திரும்ப வெட்டி ஒட்டணும் இல்லையா தம்பி? மிச்சம் வைக்காதவன் அன்னிக்குப் புதுக் கேபிள் இழுக்கணும்" என்றார்.

பன்னிரண்டு இழைகளுக்குப் பன்னிரண்டு வர்ணங்கள். நீலம், ஆரஞ்சு, பச்சை, பழுப்பு, சாம்பல், வெள்ளை, சிவப்பு, கறுப்பு, மஞ்சள், ஊதா, ரோஜா, கடல் நீலம் என்பது வழக்கமான வரிசை. ஒவ்வொரு தட்டுக்கும் எண். ஒவ்வொரு முனைக்கும் சீட்டு. எந்த இழை எந்த ஊருக்குப் போகிறது என்பது ஒரு பதிவுப் புத்தகத்தில் இருக்கிறது. சீட்டு இல்லாத சட்டத்தில் ஒரு பழுதைத் தேடுபவன், கெட்ட இழை என்று எண்ணி நல்ல இழையைப் பிடுங்கிவிடுவான். ஒரு தெருவின் குறையைத் தீர்க்கப் போய், வேறொரு ஊரின் பேச்சு நின்றுவிடும்.

தூசியின் கொடுமையையும் அங்கேதான் கண்டோம். ஒரு கனெக்டரின் முனையை நுண்பெருக்கியில் காட்டினார்கள். கண்ணுக்குத் தெரியாத ஒரு துகள், கருவின்மேல் பாறையைப் போல உட்கார்ந்திருந்தது. விரலால் தொட்டால் போதும், எண்ணெய்ப் படலம் ஒட்டிக்கொள்ளும். ஆகையால் உபயோகத்தில் இல்லாத முனைகளுக்கெல்லாம் மூடி உண்டு. மூடியைக் கழற்றிய ஒவ்வொரு தடவையும் துடைத்த பிறகே செருகுகிறார்கள்.

உள்ளங்கையில் ஒரு தீவு

சென்னையிலிருந்து அந்தமான் தீவுகளுக்குக் கடலுக்கடியில் சுமார் 2,300 கிலோமீட்டர் நீளத்துக்குக் கேபிள் போட்டு, 2020-ஆம் ஆண்டு ஆகஸ்டு 10-ஆம் தேதி அதைத் தொடங்கி வைத்தார்கள். அதுவரை அத்தீவு மக்கள் பெரும்பாலும் செயற்கைக் கோளையே நம்பியிருந்தார்கள். கிராம பஞ்சாயத்துகளுக்குக் கண்ணாடி இழை கொண்டுசெல்லும் திட்டத்துக்கு மத்திய சர்க்கார் 2011-இல் அனுமதியளித்தது. இவையெல்லாம் பெருமைக்குரிய விஷயங்களே. திறப்பு விழாப் படங்களைப் பத்திரிகைகளில் பார்த்து மகிழ்ந்தோம். ஆனால் எத்தனை நீளமான கேபிளும் கடைசியில் ஓர் உள்ளங்கைத் தட்டில்தான் வந்து முடிகிறது. அந்தத் தட்டை அடுக்கியவருடைய கைக்கு எந்தப் படத்திலும் இடமில்லை.

நமது தெருக்களில் விளக்குக் கம்பங்களைப் பாருங்கள். கறுப்புக் கேபிள்கள் கொத்துக் கொத்தாகத் தொங்குகின்றன. ஒட்டுப் பெட்டியின் வாய் பிளந்து மழைநீர் இறங்குகிறது. எலி கடிக்கிறது, லாரி இழுத்துச் செல்கிறது. அங்கே ஏணியில் நிற்கும் இளைஞருக்கு ஒரு நாளைக்கு இத்தனை இணைப்பு என்று கணக்கே ஒழிய, இத்தனை நன்றாகச் செய்தார் என்ற கணக்கு இல்லை. அவசரமாக ஒட்டு, அவசரமாகக் கட்டு, அடுத்த வீட்டுக்கு ஓடு என்பதே அவருக்கு இடப்படும் கட்டளை. பயிற்சியும் அவகாசமும் கொடாமல் குற்றத்தை மட்டும் அவர் தலையில் ஏற்றுவது நியாயமாகாது.

நேயர்கள் தங்கள் வீட்டில் செய்யக்கூடியவை சில உண்டு. கம்பி நீளமாக இருந்தால் தளர்ந்த வளையமாகத் தொங்கவிடுங்கள். நூலாலோ பிளாஸ்டிக் பட்டையாலோ இறுக்க வேண்டாம். கதவிடுக்கிலும் பீரோவின் பின்னும் அது நசுங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். செருகிய முனையைப் பிடுங்கிப் பார்க்க வேண்டாம். அதிலிருந்து வரும் ஒளி கண்ணுக்குத் தெரியாது. ஆயினும் கண்ணுக்குக் கெடுதி செய்யலாம். ஒட்டு வேலை நடந்த இடத்தில் குழந்தைகளைச் சற்று நேரம் விடாதீர்கள். வெட்டிய கண்ணாடித் துணுக்கு தோலில் ஏறினால் அதைத் தேடி எடுப்பதே கஷ்டம். பழுது பார்க்க வருபவர் கூடுதலாகப் பத்து நிமிஷம் கேட்டால் முகம் சுளிக்காமல் கொடுங்கள். குடிக்க ஒரு டம்ளர் மோரும் கொடுக்கலாம்.

அந்த நெசவாளியின் மகள் இன்று கலாசாலையில் மின்னணு இயல் படிக்கிறாள். சென்ற விடுமுறையில் பள்ளிக்கு வந்திருந்தாள். பேசிக்கொண்டே கம்ப்யூட்டர் அறைக்குள் சென்றவள், முதல் காரியமாகப் பீரோவின் பின்னால் எட்டிப் பார்த்தாள். சுருள் தளர்வாகவே தொங்கிக் கொண்டிருந்தது. "சார், தறியிலே பாவு நூலை எங்கப்பா இப்படித்தான் பார்த்துப் பார்த்து விடுவாரு" என்றாள்.