சில்லுப் போட்டியும் கொல்கத்தாவும்

2024 செப்டம்பரில் இந்தியப் பிரதமரும் அமெரிக்க ஜனாதிபதியும் வெளியிட்ட கூட்டறிக்கையில் நம் கொல்கத்தாவின் பெயரும் இடம் பெற்றது. குளோபல் ஃபவுண்ட்ரீஸ் என்னும் அமெரிக்க நிறுவனம் இங்கு 'பவர் சென்டர்' அமைப்பதை அவ்வறிக்கை பாராட்டியது. இது சில்லு உற்பத்தி பற்றிய ஆராய்ச்சிக்கான மையம். சில்லுத் தொழிற்சாலை அல்ல. ஆயிரக்கணக்கில் வேலை கிடைக்கும் என்று கணக்குப் போடுவோர் இந்த வேறுபாட்டை மனத்தில் கொள்வது நல்லது.

இந்நிறுவனத்தின் வரலாறு கவனிக்கத்தக்கது. 2009-ல் ஏ.எம்.டி. கம்பெனியின் தொழிற்சாலைகளைக் கொண்டு, அபுதாபி அரசின் முதலீட்டில் தோன்றியது. தைவானின் டி.எஸ்.எம்.சி., தென் கொரியாவின் சாம்சங், அமெரிக்காவின் இன்டெல் ஆகியவற்றுடன் முன்வரிசைக்குப் போட்டியிட்டது. ஆனால் 2018 ஆகஸ்டில், '7 நானோமீட்டர்' சில்லு முயற்சியை நிறுத்திக் கொண்டது. செலவு கட்டுப்படியாகவில்லை என்பதே காரணம்.

ஏன் இவ்வளவு செலவு? சிலிக்கான் தகட்டில் மின்சுற்றுகளை ஒளியைக் கொண்டே பதிக்கிறார்கள். கோடுகள் நுண்மையாக ஆக, ஒளியின் அலைநீளமும் குறைய வேண்டும். இன்று அது 13.5 நானோமீட்டர்வரை வந்துவிட்டது. அந்த ஒளியைக் காற்றே விழுங்கிவிடும்; ஆகவே வேலை வெற்றிடத்தில் நடக்க வேண்டும். இதற்கான இயந்திரத்தைச் செய்து விற்பது நெதர்லாந்தின் ஏ.எஸ்.எம்.எல். ஒன்றே. ஓர் இயந்திரத்தின் விலை ஆயிரம் கோடி ரூபாய்க்கும் மேல். ஒரு தொழிற்சாலைக்கு ஒன்று போதாது. போட்ட பணத்தை எடுக்கக் கோடிக்கணக்கில் சில்லு வாங்குவோர் வேண்டும். அத்தகையோர் உலகில் சிலரே.

பழைய முறையும் மலிவல்ல. குஜராத்தின் தோலேராவில், தைவானின் பி.எஸ்.எம்.சி. துணையுடன் டாட்டா அமைக்கும் ஆலையின் மதிப்பீடு 91,000 கோடி ரூபாய். அங்கு வரவிருக்கும் 28 நானோமீட்டர் முறையை டி.எஸ்.எம்.சி. 2011-லேயே உற்பத்திக்குக் கொண்டு வந்துவிட்டது!

போட்டியிலிருந்து விலகிய நிறுவனம் நொடித்துப் போகவில்லை. கார்களுக்கும், கைபேசியின் ரேடியோ பகுதிக்கும், மின்சாரக் கட்டுப்பாட்டுக்கும் வேண்டிய சில்லுகளில் கவனம் செலுத்தியது. 2021-ல் அதன் பங்குகள் அமெரிக்கப் பங்குச் சந்தைக்கு வந்தன. இவற்றுக்கெல்லாம் மிக நுண்ணிய சில்லு தேவையில்லை. நம்பகமான சில்லே தேவை.

விரலுக்குத் தகுந்த வீக்கம் என்பார்கள். முதலிடத்துக்கு ஓடும் மூவரைப் பார்த்து மலைப்பதைவிட, நான்காமவர் பிழைத்த வழியைக் கற்பது இந்தியாவுக்குப் பயன் தரும். அந்த நான்காமவர்தான் நம் ஊருக்கு வந்திருக்கிறார். இங்கு எலெக்ட்ரானிக்ஸ், பௌதிகம், ரசாயனம் படிக்கும் நம் வீட்டுப் பிள்ளைகள் இதைக் கவனிக்க வேண்டும்.