வாலில்லா எலி வாங்கப் போகிறீர்களா?

மடிக் கணினி வாங்குவதென்றால் வீட்டிலே எத்தனை மகாநாடு நடக்கிறது! தமையனார் ஒன்று சொல்வார், மாப்பிள்ளை ஒன்று சொல்வார், எதிர் வீட்டுப் பையன் வந்து இரண்டையும் மறுத்துவிட்டுப் போவான். ஆனால், அதற்கு ஒரு வயர்லெஸ் மவுஸ் வேண்டும் என்றால் மட்டும், "ஏதாவது ஒன்றைக் கொடுங்கள்" என்று கடைக்காரரிடம் கையை நீட்டிவிடுகிறோம். நாள் முழுவதும் உங்கள் கைக்குள் இருக்கப் போவது எது, சகோதரி? கணினியா, மவுஸா?

ஆரணியில் ஒரு வீட்டை மனத்தில் வைத்துக்கொண்டு இதை யோசிப்போம். ஆரணி என்றதும் பட்டுப் புடைவையை நினைத்துவிடாதீர்கள். அது திருவண்ணாமலை மாவட்டத்து ஆரணி. நான் சொல்வது திருவள்ளூர் மாவட்டத்தில், பெரியபாளையத்து அம்மன் கோயிலுக்குச் சமீபத்திலே, ஆரணியாற்றங்கரையில் இருக்கும் ஆரணி. கிழக்கே பொன்னேரி, வடக்கே சற்றுத் தூரத்தில் கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டை.

இந்தப் பக்கத்து வீடுகளுக்கு மடிக் கணினி புதிதல்ல. பள்ளி மாணவர்களுக்கு அதை இலவசமாக வழங்கும் திட்டம், 2011 செப்டம்பர் 15-ஆம் தேதி இதே மாவட்டத்துக் காக்களூரில்தான் துவக்கி வைக்கப்பட்டது. அப்போது பிளஸ் டூ படித்த பெண் இன்று குழந்தைக்குத் தாயாகியிருப்பாள். ஏதோ ஒரு தொழிற்சாலையின் கணக்கை வீட்டிலிருந்தபடியே எழுதிக்கொடுத்துச் சம்பாதிக்கவும் செய்யலாம். மாதக் கடைசியில் பில்களைப் பதிவு செய்யும் வேலை வந்துவிட்டால், கணினியிலேயே இருக்கும் அந்தச் சின்னத் தேய்ப்புப் பலகையில் ஒற்றை விரலால் காலை முதல் மாலை வரை தேய்க்கவேண்டும்.

"ஏம்மா, கையை உதறிக்கொண்டே இருக்கிறாயே?" என்பார் மாமியார்.

"ஒன்றுமில்லை, அத்தை. கொஞ்சம் மரத்துப் போன மாதிரி இருக்கிறது."

ஒன்றுமில்லையா? அடுத்த மாதமும் அந்தக் கைதான் கணக்கு எழுதவேண்டும். மாவு பிசைவதும் குழந்தையைத் தூக்குவதும் அதே கைதான். மணிக்கட்டை வளைத்தபடியே மணிக்கணக்கில் வைத்திருந்தால் அது முறையிடத்தான் செய்யும். மரத்துப் போவதும் வலியும் நாள்கணக்கில் நீடித்தால் மவுஸ் கடைக்குப் போகாதீர்கள், வைத்தியரிடம் போங்கள். அவ்வளவு தூரம் போகாமல் இருப்பதற்குத்தான் நல்ல மவுஸ்.

இந்தச் சாமானுக்கு எலி என்று பெயர் வந்த கதை வேடிக்கையானது. அமெரிக்காவில் ஸ்டான்போர்டு ஆராய்ச்சி நிலையத்தில் டக்ளஸ் எங்கல்பார்ட் என்பவர் இதைக் கற்பனை செய்தார். அவருடைய சகா பில் இங்கிலீஷ் 1964-ல் செய்து கொடுத்தார். ஒரு சிறு மரப்பெட்டி, அடியில் இரண்டு சக்கரம், மேலே ஒரே ஒரு பொத்தான், பின்னால் வால் மாதிரி ஒரு ஒயர். அந்த வால்தான் பெயருக்குக் காரணம். இன்று வால் போய்விட்டது. பெயர் மட்டும் நிற்கிறது!

சரி, கடைக்குப் போவோம். வளையல் வாங்கும்போது என்ன செய்கிறீர்கள்? நிறம் பிடித்துப் போனாலும் முதலில் கையில் ஏற்றித்தானே பார்க்கிறீர்கள்? மவுஸுக்கும் அதே நியாயம்தான். பிரயாணத்துக்கென்று செய்த சிறியவை 10 சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைந்த நீளம் இருக்கும். பெரியவை 12 சென்டிமீட்டரைத் தாண்டும். ஆண்பிள்ளை கைக்கு அடங்குவது உங்கள் கைக்கு அகலமாக இருக்கலாம். பெட்டிக்குள் இருப்பதைப் பார்த்து முடிவு செய்யாமல், மாதிரிக்கு வைத்திருப்பதைக் கேட்டு வாங்கி உள்ளங்கையை அதன்மேல் வையுங்கள். விரல் நுனிகள் எட்டிப் பிடிக்காமல் பொத்தான்மேல் தானாக விழவேண்டும். சுண்டு விரல் மேஜையில் உரசக்கூடாது. பத்துத் தடவை அழுத்திப் பாருங்கள். கடைக்காரர் சிரித்தால் சிரிக்கட்டும்.

மிகவும் தட்டையாக, அழகாக இருப்பவற்றைக் கண்டு மயங்காதீர்கள். பையில் வைக்கச் சௌகரியம்; நாள் முழுவதும் வேலை செய்ய அசௌகரியம். கைகுலுக்கும் பாவனையில் பிடிக்கும்படி செங்குத்தாக நிற்கும் ஒரு ரகமும் உண்டு. முதல் வாரம் விசித்திரமாக இருக்கும், பிறகு பழகிவிடும். மணிக்கட்டு நோவு உள்ளவர்களில் சிலருக்கு அது இதமாக இருக்கிறது. இடக்கைப் பழக்கம் உள்ளவர்கள் இருபுறமும் ஒரே வடிவாக உள்ளதைத்தான் கேட்கவேண்டும். பொத்தான்களைக் கணினியிலேயே இடம் மாற்றிக்கொள்ளலாம். தூளியில் குழந்தை தூங்கும் வீடா? சத்தமில்லாத பொத்தான் உள்ள மவுஸ் கிடைக்கிறது. அதற்கு நூறு ரூபாய் அதிகம் கொடுத்தாலும் தகும்!

அடுத்தது, மவுஸ் கணினியோடு பேசும் முறை. இதில் இரண்டு வகை. ஒன்றில், நகத்தளவு ஒரு ரிசீவர் கூட வரும். அதைக் கணினியின் யூ.எஸ்.பி. துவாரத்தில் செருகினால் போதும், உடனே வேலை செய்யும். இன்னொன்று புளூடூத், செருக ஒன்றுமில்லை, ஒரு முறை இணைத்துவிட்டால் சரி. புதிய மடிக் கணினிகள் சிலவற்றில் அகலமான பழைய துவாரமே இல்லை, சிறிய டைப்-சி மட்டும்தான். ஆகையால் புறப்படும் முன் உங்கள் கணினியின் விலாப்புறத்தைப் பார்த்துவிட்டுப் போங்கள்.

ரிசீவர் வகையில் ஓர் ஆபத்து: அது தொலைந்தால் விலை குறைந்த ரகங்களில் மவுஸும் வீண்தான். பல மவுஸ்களில் பேட்டரி அறைக்குள்ளேயே அதற்கு ஒரு பொந்து இருக்கும். இருக்கிறதா என்று மூடியைத் திறந்து பாருங்கள். மூக்குத்தித் திருகாணியைத் தேடும் அவஸ்தை நமக்கு இன்னொன்று வேண்டாம்.

வீட்டுக்கு வந்தபின் மவுஸ் திக்கித் திக்கி ஓடினால் உடனே கடைக்காரரைத் திட்டவேண்டாம். வைஃபை, புளூடூத், மைக்ரோவேவ் அடுப்பு எல்லாம் 2.4 கிகாஹெர்ட்ஸை ஒட்டிய அதே அலைவரிசையில்தான் நடமாடுகின்றன. வேகமான யூ.எஸ்.பி. 3 சாதனத்தின் பக்கத்தில் ரிசீவர் இருந்தாலும் இரைச்சல் புகும். மறுபக்கத் துவாரத்துக்கு மாற்றிப் பாருங்கள். கண்ணாடி மேஜையும் ஒரு காரணமாகலாம். மவுஸின் அடியில் இருக்கும் சிறு காமிரா, ஓடும் பரப்பை நொடிக்கு ஆயிரக்கணக்கில் படம் பிடித்துத்தான் நகர்வைக் கண்டுபிடிக்கிறது. கண்ணாடியில் அதற்குப் பிடிமானம் இல்லை. ஒரு துணி விரிப்பு போதும். இந்தப் பத்திரிகையின் அட்டை வழவழப்பானது, அதற்கு உதவாது. (ஆசிரியர் மன்னிக்க!)

பேட்டரி விஷயம். கடிகாரத்துக்குப் போடும் சாதாரண செல் ஒன்றில் மாதக்கணக்கில் ஓடும் மவுஸ்தான் வீட்டுக்கு ஏற்றது என்பது என் அபிப்பிராயம். ஆரணியில் எந்தக் கடையிலும் செல் கிடைக்கும். சார்ஜ் செய்யும் வகை வாங்கினால், ஒயர் செருகும் இடம் முன்பக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். 2015-ல் வந்த ஆப்பிள் கம்பெனியின் மவுஸில் அந்தத் துவாரத்தை வயிற்றில் வைத்தார்கள். சார்ஜ் ஏறும்வரை அது மல்லாந்து கிடக்கும், வேலை நடக்காது. பெரிய கம்பெனிக்காரர்களுக்கும் இப்படித் தோன்றுகிறதே! மாதக்கணக்கில் உபயோகிக்காவிட்டால் செல்லை வெளியே எடுத்து வையுங்கள், இல்லாவிட்டால் கசிந்து உள்ளே அரித்துவிடும்.

"டி.பி.ஐ. பத்தாயிரம், அம்மா!" என்று யாராவது ஆசை காட்டினால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். கணக்கு எழுத 1,000 போதும்.

நல்ல மவுஸ் 500, 600 ரூபாயிலேயே கிடைக்கிறது. பொன்னேரியில் மனத்துக்குப் பிடித்தது இல்லையென்றால் மின்சார ரயிலில் சென்னை சென்ட்ரல். அங்கே பூங்கா நகரில் பறக்கும் ரயில் ஏறினால் அடுத்த நிலையம் சிந்தாதிரிப்பேட்டை. ரிச்சி தெரு நடக்கும் தூரம். ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். பெட்டியில் அச்சிட்ட அதிகபட்ச விலையில் வரியும் அடக்கம். அதற்கு மேல் கேட்டால் கொடுக்கவேண்டியதில்லை. பில்லில் தேதியும் மாடல் பெயரும் எழுதி வாங்கி, பெட்டியோடு சேர்த்து வையுங்கள். உத்தரவாத காலத்துக்குள் ஏதாவது கோளாறு வந்தால் அதைத்தான் முதலில் கேட்பார்கள்.