20% ஸ்லாபுக்குப் போனா கையில வர்ற சம்பளம் குறையுமா?

"போனஸ் வந்தா 16 லட்சத்தைத் தாண்டிடும். மொத்தத்துக்கும் 20% வரி போயிடுமே, வேண்டாம்னு சொல்லிடவா?" என்று ஒரு நண்பர் கேட்டார். அப்படிச் சொல்லிடாதீங்க! பத்தாம் வகுப்புல படிச்ச ஒய் = எம்எக்ஸ் + சி ஞாபகம் இருக்கா? அதுலயே பதில் இருக்கு.

2025-26 நிதியாண்டு, புதிய வரிமுறையை எடுத்துக்குவோம். எக்ஸ் என்பது வரிக்குரிய வருமானம், ஒய் என்பது செஸ் சேர்க்காத வரி. 16 லட்சத்துக்கு வரி ரூ.1,20,000. 20 லட்சத்துக்கு ரூ.2,00,000. இந்த இரண்டு புள்ளிகள் போதும்.

சாய்வு, அதாவது எம்: வரி கூடியது 80,000, வருமானம் கூடியது 4,00,000. வகுத்தால் 0.20.

வெட்டுத்துண்டு, அதாவது சி: 1,20,000 = 0.20 × 16,00,000 + சி. அப்போ சி = −2,00,000.

ஆக, வரி = 0.20 × வருமானம் − 2,00,000. 16 முதல் 20 லட்சம் வரைக்கும்தான் இந்தக் கோடு பொருந்தும்.

அந்த மைனஸ் 2 லட்சத்தைக் கவனிங்க. கீழ் ஸ்லாபுகளில் உங்களுக்குக் குறைந்த விகிதம் போட்டதால் மிச்சமாகும் தொகை அது. ஸ்லாப் மாறினாலும் அது போகாது.

16 லட்சத்துக்கு மேல 50,000 வந்தா கூடுதல் வரி 10,000, செஸ் 400. மீதி 39,600 உங்களுக்குத்தான். போனஸைத் தைரியமா வாங்கிக்கோங்க.