நார்வே, ஸ்வீடன் நாடுகளின் தட்ப வெப்ப நிலை

ஸ்காண்டிநேவியத் தீபகற்பத்தின் மேற்குப் பகுதி நார்வே. கிழக்குப் பகுதி ஸ்வீடன். ஏறத்தாழ ஒரே அட்சரேகைகளுக்கிடையே அமைந்திருப்பினும், இவற்றின் தட்ப வெப்ப நிலை பெரிதும் வேறுபடுகிறது.

இவ்வேற்றுமை வாணிபத்தையும் பாதித்துள்ளது. வட ஸ்வீடனிலுள்ள கிருனா சுரங்கங்களின் இரும்புத்தாதுவை ஏற்றுமதி செய்ய அந்நாட்டுக்கு லூலேயோ என்னும் சொந்தத் துறைமுகம் உண்டு. ஆயினும் குளிர்காலத்தில் அங்குக் கடல் உறைந்துவிடும். எனவே நார்வேயின் நார்விக் துறைமுகம் வரை மலைகளைக் கடந்து ரயில் பாதை அமைக்கப்பெற்று, 1902இல் முடிவுற்றது. நார்விக், லூலேயோவுக்குச் சுமார் 3 டிகிரி வடக்கே, ஆர்க்டிக் வட்டத்திற்குள் இருப்பினும் அதன் துறைமுகம் உறைவதில்லை. 1940இல் அங்குக் கடும்போர் மூண்டதற்கு இத்தாதுப் போக்குவரத்தே முக்கிய காரணம். இன்று லூலேயோவின் கடல்வழியைப் பனியுடைக்கும் கப்பல்கள் திறந்து வைக்கின்றன.

இதற்குக் காரணம் யாது? வட அட்லாண்டிக் நீரோட்டம் வெப்பமான நீரை நார்வேயின் கரைக்குக் கொணர்கிறது. மேலைக் காற்றுகள் அதன் வெப்பத்தையும் ஈரத்தையும் ஏந்தி வருகின்றன. மலைத்தொடரில் மோதி மேலெழும் காற்று குளிர்ந்து, மேற்குச் சரிவில் மழையாகப் பொழிகிறது. கிழக்கே இறங்கும்போது வறண்டுவிடுகிறது. லூலேயோ அமைந்துள்ள பாத்னியா வளைகுடாவிலோ, ஆறுகளின் நன்னீர் கலப்பதால் உப்பு மிகக் குறைவு. ஆகவே அந்நீர் எளிதில் உறைகிறது.

60ஆவது அட்சரேகையை ஒட்டிய இரு நகரங்களை ஒப்பிடலாம். நார்வேயின் பெர்கனில் ஆண்டு மழை 2,200 மில்லிமீட்டருக்கு மேல். ஸ்டாக்ஹோமில் சுமார் 550 மில்லிமீட்டரே. ஜனவரிச் சராசரி உஷ்ணம் பெர்கனில் பூஜ்யத்துக்குச் சற்று மேலும், ஸ்டாக்ஹோமில் அதற்குக் கீழும் உள்ளது. ஜூலையிலோ ஸ்டாக்ஹோமே சுமார் 3 டிகிரி அதிக வெப்பமுடையது. நிலம் கடலைவிட விரைவில் சூடேறி, விரைவில் குளிர்வதே இதற்குக் காரணம்.

எனினும், அரசியல் எல்லையையே தட்ப வெப்ப எல்லையாகக் கொள்ளலாகாது. மழை மறைவிலுள்ள நார்வேயின் உட்பள்ளத்தாக்குகள் சிலவற்றில் ஆண்டு மழை சுமார் 300 மில்லிமீட்டரே. மலைகள் தாழ்ந்துள்ள டிரான்ட்ஹைம் பகுதி வழியாகக் கடற்காற்று ஸ்வீடனின் யாம்ட்லாந்து வரை செல்கிறது. ஆகவே, தேசப் படத்தைக் கொண்டு இந்நாடுகளை விளக்கும் ஆசிரியர், அட்சரேகையோடு மலை, காற்று, கடல் ஆகியவற்றையும் சேர்த்துக் காட்டுதல் நலம்.