'பயனற்றது' – ஒரு சொல்லாய்வு

ஆங்கிலப் பெயரடைகளுள் தமிழாக்குவோரைத் தயங்கவைப்பன பல. அவற்றுள் ஒன்று 'இன்எஃபெக்டிவ்' என்பது. கருதிய விளைவைத் தராதது என்பது அதன் பொருள்.

தமிழில் இதற்கு ஈடாக வழங்கும் சொற்கள் ஒருபொருட் பன்மொழிகள் அல்ல. வீண்பேச்சுக்குப் 'பயனில' பொருந்தும். திருக்குறளின் 20ஆம் அதிகாரத் தலைப்பே சான்று. வலுவிழந்த ஆவணம் 'செல்லாதது'. நோன்பு முறிந்தால் 'பாத்தில்' என்பது முஸ்லிம் மக்கள் வழக்கு. அஃது அரபுச் சொல். ஸ்பானிய மொழியும் விளைவு தராததை 'இனெஃபிகாஸ்' என்றும், வளத்தை வீணாக்குவதை 'இனெஃபிசியென்டே' என்றும் பிரித்துரைக்கிறது.

தமிழ், கன்னடம், தெலுங்கு ஆகிய மும்மொழியாளரும் உழைக்கும் ஓசூர்த் தொழிற்பகுதியில் இச்சிக்கல் மிகுதி. கன்னடத்தில் 'பரிணாம' என்றால் விளைவு. தமிழில் 'பரிணாமம்' படிமலர்ச்சியைக் குறிக்கும். எனவே, கன்னட அறிவிப்பில் உள்ள 'பரிணாமகாரி'யை ஒலியொப்புமை கருதித் தமிழில் எடுத்தாண்டால் பொருள் திரியும்.

பிழையின் விளைவு பெரிது. தூசு தடுக்கும் முகமூடி, தின்னர் ஆவிக்கு 'இன்எஃபெக்டிவ்' என்று ஓர் எச்சரிக்கை இருப்பதாகக் கொள்வோம். அதனைப் 'பயனற்ற முகமூடி' எனச் சுருக்கிப் பெயர்த்தால், தொழிலாளி தூசுக்கும் அதனை அணியாது விடுவார். 'இம்முகமூடி தூசைத் தடுக்கும். ஆவியைத் தடுக்காது' என்றெழுதின் ஐயமில்லை. பெயரடை வினைமுற்றாயிற்று, பொருள் குன்றவில்லை.

ஆகவே, 'எதற்குப் பயன்படாது?' என்று முதற்கண் வினவுதல் வேண்டும். அவ்வினாவுக்கு விடைதரும் தொடரே நல்ல தமிழாக்கம் என்பது நம் துணிபு. உயிர்காக்கும் அறிவிப்புகளைத் தெளிதமிழில் ஆக்கித் தருதல் தமிழ் பயில்வோர் கடனாகும்.