வீட்டில் படிக்கிற பிள்ளைக்கு அம்மா வாத்தியார் ஆக வேண்டாம்

"ஏத்தா, நான் ஆடு மேய்க்கப் போனதால கைநாட்டு. எம் பேத்தியும் கைநாட்டாத்தான் போகணுமா?"

மகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தப் போகிறோம் என்று சொன்ன அன்று என் மாமியார் கேட்டது இது. என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. பொம்பளைப் பிள்ளையைப் படிக்க அனுப்பாமல் வீட்டோடு வைத்த காலம் ஒன்றும் வெகு தூரத்தில் இல்லை. அந்தக் காலத்தில் அடிபட்டவர்தான் என் எதிரே நின்றார். "இயற்கை வழிக் கல்வி"ன்னு நான் சொன்னதெல்லாம் அவர் காதில் பழைய கதையாகத்தான் விழுந்திருக்கும்.

நிறுத்தியதற்குக் காரணம் இருந்தது. இரண்டாம் வகுப்புப் பிள்ளைக்குக் காலை 7 மணிக்கு வேன். போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம். வேனில் பாதி நாள் வாந்தி. இங்கிலீஷில் ஒரு பக்கம் தப்பில்லாமல் ஒப்பிப்பாள், "இதுக்கு என்ன அர்த்தம் பாப்பா?" என்றால் முழிப்பாள். இது நடந்து நாலு வருசம் ஆகிறது. இப்போது அவளுக்கு 11 வயது. நம் உழவர் குடும்பங்களில் இந்த யோசனையோடு இருக்கிற அம்மாக்கள் நிறையப் பேர் பயிற்சிகளில் என்னிடம் கேட்கிறார்கள். அவர்களுக்காக எழுதுகிறேன். என் தப்பிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

பள்ளிக்கூடத்தை வீட்டுக்குள் இழுத்து வந்தேன்

முதல் வருசம் திண்ணையில் கரும்பலகை மாட்டினேன். 9 மணிக்குத் தமிழ், 10 மணிக்குக் கணக்கு, 11 மணிக்கு அறிவியல் என்று அட்டவணை. மாடு கறந்து, சமைத்து, களத்துக்குச் சோறு அனுப்பிவிட்டு வந்து சாக்பீஸ் பிடிப்பேன். மூன்றே மாதத்தில் மகளுக்குத் தினமும் வயிற்றுவலி. எனக்குத் தினமும் கோபம். ஒருநாள் அவள் அப்பாவிடம் சொல்லிக் கொண்டிருந்தது காதில் விழுந்தது: "அம்மா இப்பல்லாம் என்னைப் பாத்தாலே கேள்வி கேக்குது."

அன்றைக்குத்தான் உறைத்தது. வேனை நிறுத்தினேனே தவிர, பள்ளிக்கூடத்தை நிறுத்தவில்லை. அதோடு பிள்ளைக்கு இருந்த ஒரே அம்மாவையும் பறித்து, கண்டிப்பான ஒரு டீச்சரைக் கொடுத்திருந்தேன். மறுநாளே பலகையைக் கழற்றி ஆட்டுக்கொட்டகைக்குக் கதவாக்கினோம்.

பள்ளியிலிருந்து நிறுத்தினால் முதல் இரண்டு மூன்று மாதம் பிள்ளையைச் சும்மா விடுங்கள். தரிசாகக் கிடந்த மண்ணில் உடனே வெள்ளாமை எடுக்க நினைப்போமா? பலதானியம் விதைத்து மடக்கி உழுது மண்ணைத் தேற்றிவிட்டுத்தானே பயிர் வைக்கிறோம். பிள்ளைக்கும் அந்த அவகாசம் வேண்டும்.

தினமும் ஒன்றரை மணி நேரம், மூன்றே காரியம்

முப்பது நாற்பது பிள்ளைகளை ஒருவர் கட்டி மேய்க்கத்தான் பள்ளிக்கு நாள் முழுக்க வேண்டியிருக்கிறது. ஒரு பிள்ளைக்கு அத்தனை நேரம் தேவையில்லை. எங்கள் வீட்டில் காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்றரை மணி நேரம், அவ்வளவுதான். அதில் மூன்று காரியம் விடுபடாது: வாய்விட்டு வாசிப்பது, சொந்தமாக ஐந்து வரி எழுதுவது, கொஞ்சம் கணக்கு.

"தோட்டத்தில் ஓடியாடினால் எல்லாம் தானா வந்துரும்" என்று சிலர் சொல்வார்கள். நானும் நம்பினேன். எழுத்தும் எண்ணும் தானாக வரவில்லை. தினமும் தண்ணி விட்டால்தான் வரும். தமிழக அரசின் பாடநூல்களை இணையத்தில் இலவசமாகவே இறக்கிக் கொள்ளலாம். ஊர்ப்புற நூலகத்தில் பிள்ளை பேரில் ஒரு அட்டை போடுங்கள். பெரியவர்கள் படிக்க இரண்டு புத்தகம் சொல்கிறேன். ஒன்று, குஜராத்தில் வக்கீல் தொழிலை விட்டு ஆசிரியரான கிஜுபாய் பதேக்கா எழுதிய 'பகல் கனவு'. இன்னொன்று, ஜப்பானிய எழுத்தாளர் டெட்சுகோ குரோயநாகி எழுதிய 'டோட்டோ சான்'. இரண்டுமே தமிழில் கிடைக்கின்றன. டோட்டோ சான் படித்த பள்ளியில் ஒரு விவசாயியைக் கூட்டிவந்து, "இன்றைக்கு இவர்தான் உங்கள் ஆசிரியர்" என்று தலைமையாசிரியர் அறிமுகப்படுத்துவார். அந்தப் பக்கத்தை என் வீட்டுக்காரருக்கு வாசித்துக் காட்டினேன். அன்றிலிருந்து கணக்குப் பாடம் அவர் பொறுப்பு.

தோட்டத்தில் கிடக்கிற பாடங்கள்

மழைக் கணக்கு: பக்கவாட்டு நேராக உள்ள டப்பாவைத் திறந்தவெளியில் வையுங்கள். மழை விட்டதும் ஸ்கேலால் அளக்கட்டும். 1 மி.மீ. மழை என்றால் ஒரு சதுர மீட்டருக்கு 1 லிட்டர் தண்ணீர். ஒரு சென்ட் சுமார் 40 சதுர மீட்டர். அப்படியானால் 10 மி.மீ. மழையில் ஒரு ஏக்கருக்கு எவ்வளவு? சுமார் 40,000 லிட்டர். இந்த விடை வந்த அன்று மகள் வரப்பைப் பார்த்துவிட்டு, "அவ்வளவு தண்ணியும் எங்கம்மா போச்சு?" என்று கேட்டாள். மண் பாடம் அங்கேயே தொடங்கிவிட்டது.

விகிதக் கணக்கு: ஜீவாமிர்தத்துக்கு 200 லிட்டர் தண்ணீர், 10 கிலோ சாணம், 10 லிட்டர் கோமியம், 2 கிலோ வெல்லம், 2 கிலோ பயறு மாவு, ஒரு கைப்பிடி மண். 20 லிட்டர் வாளியில் செய்ய எதெது எவ்வளவு? பஞ்சகவ்யா 3 சதவீதம் தெளிக்க, 10 லிட்டர் டேங்குக்கு எத்தனை மில்லி? 300 மில்லி என்று அவளே அளந்து ஊற்றட்டும்.

நூற்றுக்கு எத்தனை: 100 விதையை எண்ணி ஈரத்துணியில் முடிந்து வைத்து, முளைத்ததை எண்ணுவது. சதவீதம் புரிய இதைவிடச் சுலபமான வழி எனக்குத் தெரியவில்லை.

அறிவியல்: அசுவினி மொய்த்த அவரைக் கொடியைத் தினமும் பார்க்கச் சொல்லுங்கள். குட்டி முதலை மாதிரி ஒரு புழு அசுவினியைத் தின்னும். அது பொறிவண்டாக மாறும் வரை படம் வரைந்து தேதி போடட்டும். தீக்குச்சியையும் சைக்கிள் வால்வு டியூபையும் வைத்து அரவிந்த் குப்தா காட்டிய விளையாட்டைச் செய்து பாருங்கள். சதுரம் ஆடும், முக்கோணம் ஆடாது. கொட்டகைக் கூரைக்குக் குறுக்குச் சட்டம் எதற்கு என்று பிறகு நீங்கள் சொல்லவே வேண்டாம்.

தமிழ்: அப்பத்தா சொல்கிற கதையும் விடுகதையும் பிள்ளை கையால் நோட்டில் ஏறட்டும்.

பிள்ளை கூலியாள் இல்லை

இதைக் கொஞ்சம் கசப்பாகவே சொல்ல வேண்டும். களையெடுப்புக்கு ஆள் கிடைக்காத நாளில், "பாப்பா, இன்னைக்குப் படிப்பு வேணாம், வா" என்று கூப்பிடுகிற ஆசை நமக்கே வரும். எனக்கும் வந்தது, இரண்டு முறை கூப்பிட்டும் விட்டேன். அப்படிப் போனால் என் மாமியார் கேட்ட கேள்விதான் உண்மையாகும். 1937-ல் வார்தாவில் காந்தி முன்வைத்த ஆதாரக் கல்வி, கைத்தொழில் வழியாகப் படிப்பது. தொழிலுக்காகப் படிப்பை விடுவது அல்ல. எங்கள் வீட்டுச் சட்டம் இதுதான்: வாசிப்பு நேரத்தில் எந்த வேலைக்கும் கூப்பிடக் கூடாது. விதைப்பானாலும் சரி, அறுப்பானாலும் சரி.

அதேபோல் பிள்ளை நம் தோட்டத்துக்குள்ளேயே வளரக் கூடாது. சாயங்காலம் ஊர்ப் பிள்ளைகளோடு, எல்லாத் தெருப் பிள்ளைகளோடும் விளையாட வேண்டும். பள்ளிக்கூடம் ஒன்றாக உட்கார வைக்கிற பிள்ளைகளை நாம் பிரித்துவிடக் கூடாது.

அம்மாவுக்கும் ஓய்வு வேண்டும். வாரத்தில் ஒரு மத்தியானம் பிள்ளை அப்பா பொறுப்பு. பக்கத்து ஊரில் இதே வழியில் போகிற குடும்பம் இருந்தால் மாதம் ஒருமுறை கூடுங்கள். தனியாகச் சுமந்தால் சீக்கிரமே சலித்துவிடும்.

காகிதத்தை மறக்காதீர்கள்

பிறப்புச் சான்று, ஆதார், பள்ளி மாற்றுச் சான்று மூன்றையும் பத்திரமாக வையுங்கள். கல்வி உரிமைச் சட்டம் (2009) 6 முதல் 14 வயது வரை எல்லாப் பிள்ளைக்கும் இலவசக் கட்டாயக் கல்வியை உரிமையாக்குகிறது. வீட்டுக்கல்வி பற்றித் தனியாக அதில் ஒன்றும் இல்லை. ஆனால் இடையில் நின்ற பிள்ளையை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும் என்று இருக்கிறது. ஆக, திரும்பிப் போகிற கதவு திறந்தே இருக்கிறது.

தேர்வுக்கு இரண்டு வழி. பன்னிரண்டரை வயது முடிந்தால் தமிழக அரசின் எட்டாம் வகுப்புத் தேர்வைத் தனித்தேர்வராக எழுதலாம். இன்னொன்று, தேசிய திறந்தநிலைப் பள்ளி. அதில் பத்தாம் வகுப்புக்கு 14 வயது நிரம்ப வேண்டும். ஒருமுறை பதிந்தால் 5 வருசத்துக்குள் 9 வாய்ப்பு. முடிகிற பாடத்தை முடிகிறபோது எழுதலாம். பிற்பாடு எந்தப் படிப்பு, எந்த அரசு வேலை என்கிற எண்ணம் இருந்தால், இந்தச் சான்று அங்கே செல்லுமா என்று சேருமுன்பே விசாரித்துவிடுங்கள்.

அப்பத்தா வைத்த பரீட்சை

மாமியார் கடைசியில் ஒரு நிபந்தனையோடு சம்மதித்தார். மாதம் முதல் ஞாயிறு அவருடைய பேங்க் பாஸ்புக், ரேஷன் ரசீது, கரண்ட் அட்டை மூன்றையும் பேத்தி வாசித்து விளக்க வேண்டும். முதல் மாதம் பாஸ்புக்கில் மகள் திணறினாள். வரவு எது, எடுத்தது எது என்று தெரியவில்லை. எனக்கு அவமானமாகிவிட்டது. கிழவி அசரவில்லை. "இருக்கட்டும்த்தா, அடுத்த மாசம் சொல்லு" என்று புத்தகத்தை மடித்து வைத்தார். அந்தப் பொறுமை எனக்கு முதல் வருசம் இருந்திருந்தால் பிள்ளைக்கு வயிற்றுவலி வந்திருக்காது.

போன மாதம் மகள் கேட்டாள், "அம்மா, நான் நம்மூரு அரசுப் பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் பாக்கட்டுமா? கூட வெளையாடுற புள்ளைக எல்லாம் அங்கதான் போகுதுக." ஒரு நிமிசம் நெஞ்சு அடைத்தது. நாலு வருச உழைப்பாச்சே! பிறகு சொன்னேன், "போகணும்னா சேத்து விடுறோம். புடிக்கலைன்னா திரும்பி வா."

யோசித்துக் கொண்டிருக்கிறாள். போனாலும் சரி, இருந்தாலும் சரி, முதல் ஞாயிறு பாஸ்புக் வாசிப்பு மட்டும் நிற்காது. அப்பத்தா விடமாட்டார்.